கண்ணாடிக்குச் சட்டம்: பாரம் இறங்கும் வழி

தமிழில் ‘சட்டம்’ என்ற சொல் இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. நீதிமன்றத்தில் பேசப்படுவதும் சட்டம்தான். படத்தையோ கண்ணாடியையோ சுற்றி ஓடாவி அடித்துத் தருவதும் சட்டம்தான். இரண்டிலும் இருப்பது ஒரே கருத்து: உள்ளே இருப்பதை அதனதன் இடத்தில் நிறுத்தி வைப்பது. ஆனால் கண்ணாடிச் சட்டம் என்றதும் நம் மனதில் முதலில் வருவது பூ வேலையும் பொலிஷும்தான். சட்டத்தை ஓர் அலங்காரமாகவே நினைத்துப் பழகிவிட்டோம். கையகலக் கண்ணாடிக்கு அந்த நினைப்பால் பெரிய மோசமில்லை. ஆளுயரக் கண்ணாடிக்கு அது ஆபத்து.

இன்று நமது ஊர்களில் புதிதாகக் கட்டும் வீடுகளில் பெரிய கண்ணாடி இல்லாத வீடு குறைவு. மகளுக்கென்று கட்டிய வீட்டின் கலியாண அறையிலோ, மண்டபத்தின் கைகழுவும் தொட்டிக்கு மேலேயோ, மாடிப்படித் திருப்பத்திலோ ஒன்று நிற்கும். அதற்குப் படச்சட்டம் செய்வது போலவே நாலு துண்டை மூலைச்சரிவாக அறுத்து, பசை பூசி, இரண்டு ஆணியை அடித்துச் சட்டம் செய்கிறார்கள். பின்னால் இரண்டு வளையமும் ஒரு கம்பியும். சுவரில் மாட்டிய அன்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். ஒரு மாரியும் ஒரு கோடையும் போன பிறகு மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்புத் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. கீழே பிள்ளைகள் ஓடி விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரை அந்த வெடிப்பைப் பற்றியது. பாரமான கண்ணாடிக்கு மரச்சட்டம் செய்வது எப்படி என்பதை, செய்ய விரும்புபவருக்கும் ஓடாவியிடம் செய்விக்க விரும்புபவருக்கும் விளங்கும்படி சொல்வது இதன் நோக்கம். சொல்ல வருவது ஒரு விடயத்தைத்தான்: பாரம் எந்த வழியால் இறங்குகிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாளைக் கையில் எடுக்க வேண்டும்.

பாரம் எவ்வளவு?

கண்ணாடியின் நிறையைத் தராசில்லாமலே கணக்கிடலாம். ஒரு சதுர மீற்றர் கண்ணாடி, ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கு இரண்டரைக் கிலோ நிறுக்கும். இந்த ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 4 மில்லிமீற்றர் கண்ணாடி சதுர மீற்றருக்கு 10 கிலோ. 6 மில்லிமீற்றர் கண்ணாடி 15 கிலோ.

5 அடி உயரமும் 3 அடி அகலமும் உள்ள ஒரு கண்ணாடியை உதாரணமாக எடுப்போம். அது 1524 மில்லிமீற்றருக்கு 914 மில்லிமீற்றர். பரப்பு ஏறக்குறைய 1.4 சதுர மீற்றர். 6 மில்லிமீற்றர் தடிப்பென்றால் கண்ணாடி மட்டும் 21 கிலோ. 3 அங்குல அகலமும் ஒன்றேகால் அங்குலத் தடிப்பும் கொண்ட தேக்குச் சட்டம் சுமார் 8 கிலோ. பின்னால் அடைக்கும் 4 மில்லிமீற்றர் பிளைவூட் சுமார் 3 கிலோ. எல்லாம் சேர்த்து 32 கிலோ வரும். அரை மூட்டைச் சீமெந்துக்கும் மேலே. அவ்வளவு சீமெந்தை யாராவது இரண்டு ஆணியில் தலைக்கு மேலே மாட்டச் சொன்னால் நாம் சம்மதிப்போமா? கண்ணாடி மெல்லியதாகத் தெரிவதால் அதன் பாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏமாற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

பாரம் போகும் பாதை

எங்கள் பகுதியில் கதவு நிலை, யன்னல் வேலையில் காலம் கழித்த வயதான ஓடாவி ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது ஒரே வசனம்: “சேர், கண்ணாடி மேலயிருந்து தொங்கிற சாமானில்ல, அது கீழச் சட்டத்துல குந்திட்டிரிக்கி.”

யோசித்துப் பார்த்தால் முழு விளக்கமும் அதற்குள் இருக்கிறது. கண்ணாடியின் 21 கிலோவும் முதலில் கீழ்க் குறுக்குச் சட்டத்தில் இறங்குகிறது. அங்கிருந்து இரண்டு கீழ் மூலைகளுக்குப் போகிறது. மூலைகளிலிருந்து இரண்டு நிமிர்ந்த சட்டங்களில் ஏறுகிறது. அவற்றின் வழியே மேலே போய், மாட்டும் இடத்தில் சுவருக்குள் இறங்குகிறது. இந்தப் பாதையில் மிகவும் பலவீனமான இடம் கீழ் மூலை. மேல் மூலையில் பூ வேலை எவ்வளவு இருந்தாலும் கீழ் மூலை விட்டால் கண்ணாடி நேரே நிலத்துக்குத்தான் வரும். ஆகவே ‘கீழ் மூலையை எது பிடித்திருக்கிறது?’ என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ‘பசை’ என்று பதில் வந்தால் அந்தச் சட்டத்தைப் பாரமான கண்ணாடிக்குப் பாவிக்கக் கூடாது.

மரம் தெரிதல்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களைப் பிரிக்கும் முறை தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். உள்ளே வைரம் உள்ளது மரம். வெளியே வைரம் உள்ளது புல். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல்லினம். இலக்கண வகுப்பில் மனனம் செய்துவிட்டு மறக்கும் இந்தப் பிரிவு மரக்காலையில் நேரடியாகப் பயன்படும். தென்னையிலும் பனையிலும் வெளிப்பக்கம் இரும்பு போலிருந்தாலும் உட்பக்கம் சோறு. மெல்லிய கழுந்தும் படியும் வெட்ட வேண்டிய வேலைக்கு அவை தோதில்லை. மற்ற மரங்களில் நடுவே இருக்கும் வைரப் பகுதியைத்தான் எடுக்க வேண்டும். ஓரத்தில் வெளிறிப்போய் இருக்கும் பகுதி சீக்கிரம் உளுத்துப்போகும். கறையானும் அதைத்தான் முதலில் தேடும்.

நமது நாட்டில் கிடைப்பவற்றில் தேக்கு இந்த வேலைக்கு மிக நல்லது. ஈரத்துக்கும் வெயிலுக்கும் அது குறைவாகவே அசையும். மஹோகனி உளிக்கு இலகுவானது, பொலிஷும் நன்றாகப் பிடிக்கும். பலா மஞ்சளாகத் தொடங்கி, வருடங்கள் போகப்போகக் கருஞ்சிவப்பாக மாறும். பழைய வீடுகளின் அலுமாரிகளில் பார்த்திருப்பீர்கள். முதிரை மிக உறுதி. ஆனால் மிகவும் பாரம் என்பதால் சட்டமே சுமையாகிவிடும். முடிச்சுள்ள துண்டையும், ஓட்டம் சாய்ந்து போகும் துண்டையும் கீழ்ச் சட்டத்துக்கு எடுக்கக் கூடாது. துண்டை ஒரு கண்ணை மூடி நுனியிலிருந்து பார்த்தால் முறுக்கும் வளைவும் தெரிந்துவிடும்.

எந்த மரம் என்பதைவிட, காய்ந்ததா என்பதுதான் பெரிய கேள்வி. அறுத்த கையோடு வாங்கிய பலகையில் சட்டம் செய்தால், செய்து முடித்த பிறகுதான் அது காயத் தொடங்கும். காயும்போது சுருங்கும், சிலவேளை முறுகும். வாங்கிய மரத்தை அறுத்துச் சட்டத் துண்டுகளாக்கி, இடையில் சிறு குச்சிகளை வைத்துக் காற்றோடும்படி அடுக்கி, வீட்டுக்குள்ளேயே சில வாரங்கள் விட்டால் அந்த வீட்டின் காற்றுக்கு அது பழகிவிடும். அதற்குப் பிறகு சீவி, அளவெடுத்து வெட்டுவதுதான் முறை.

மூலைச்சரிவு ஏன் விடுகிறது?

மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதேயில்லை. அகலவாக்கில் மாறிக்கொண்டே இருக்கும். கிழக்குக் கரையில் வாழ்பவர்களுக்கு இது புதிதல்ல. மாரி காலத்தில் கதவு நிலையோடு இறுகும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் அதே கதவு இலகுவாக மூடும். கதவு செய்வதைத்தான் கண்ணாடிச் சட்டமும் செய்கிறது.

இரண்டு துண்டுகளை 45 பாகையில் அறுத்துச் சேர்த்த மூலையை நினைத்துப் பாருங்கள். கோடையில் துண்டின் அகலம் சற்றுச் சுருங்குகிறது, நீளம் அப்படியே இருக்கிறது. அதனால் அறுத்த கோணம் 45 பாகையாக இருப்பதில்லை. மூலையின் உட்பக்கத்தில் இடைவெளி விழுகிறது. மாரியில் அகலம் கூடும்போது வெளிப்பக்கம் திறக்கப் பார்க்கிறது. வருடாவருடம் இப்படி உள்ளும் புறமுமாக இழுபட்டால் பசை எத்தனை நாளைக்குத் தாங்கும்?

அதோடு இன்னொரு காரணமும் உண்டு. சரிவாக அறுத்த முகம் பெரும்பாலும் மரத்தின் வெட்டுமுகம். மரத்தின் நார்கள் உறிஞ்சுகுழாய்களைக் கட்டாகக் கட்டியது போன்றவை. வெட்டுமுகத்தில் அந்தக் குழாய்களின் வாய்கள் திறந்திருப்பதால், பசையை அவை உள்ளே இழுத்துவிடும். பசை நன்றாகப் பிடிப்பது நாரின் பக்கத்தில்தான். ஆகவே சரிவு மூலை அழகுக்குச் சரி, பாரத்துக்குச் சரியில்லை. சரிவு மூலைதான் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றால், அதற்குள்ளே ஒரு கழுந்தாவது, பின்னால் ஒரு குறுக்குத் துண்டாவது இருக்க வேண்டும்.

அளவு

கண்ணாடியை முதலில் வாங்கி, அதை அளந்த பிறகே மரத்தை வெட்ட வேண்டும். கடையில் சொல்லும் 5 அடியும் உண்மையான 5 அடியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. நாலு பக்கத்தையும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும்.

சட்டத்தின் பின்பக்கத்தில், உள்விளிம்பு நெடுக, கண்ணாடி உட்காருவதற்கு ஒரு படி வெட்டப்படும். இந்தப் படி 10 மில்லிமீற்றர் அகலமும் 12 மில்லிமீற்றர் ஆழமும் இருந்தால் நமது கண்ணாடிக்கும் பிளைவூட்டுக்கும் இடையில் வைக்கும் மெல்லிய மெத்தைக்கும் போதும். கண்ணாடியைச் சுற்றி இடைவெளி வேண்டும். மரம் அசையும், கண்ணாடி அசையாது. இறுக்கமாகப் பொருத்தினால் மாரியில் உப்பும் மரம் கண்ணாடியை நெரிக்கும். அகலத்திலும் உயரத்திலும் 5 மில்லிமீற்றர் கூட்டிக்கொள்வோம்.

அப்படியானால் கணக்கு இப்படி வரும். படியின் உள்ளளவு 1529க்கு 919. முன்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் திறப்பு, பக்கத்துக்கு 10 குறைய, 1509க்கு 899. சட்டத்தின் அகலம் 75 என்றால் வெளியளவு 1659க்கு 1049. எல்லாம் மில்லிமீற்றர். நமது ஓடாவிமார் இஞ்சியிலும் நூலிலும் கணக்குப் பார்ப்பவர்கள். அவர்களிடம் கொடுக்கும்போது இரண்டு அளவையும் ஒரு தாளில் எழுதி, படத்தையும் கீறிக் கொடுத்தால் குழப்பம் வராது.

கழுந்தும் துளையும்

பாரத்துக்கு ஏற்ற மூலை, கதவு நிலைகளில் காலங்காலமாகப் போடும் மூலைதான். ஒரு துண்டின் முனையை மெல்லியதாக்கினால் அது கழுந்து. மற்றத் துண்டில் அதற்கு அளவான துளை. நிமிர்ந்த சட்டங்கள் இரண்டும் மேலிருந்து கீழ்வரை முழுநீளமாக, 1659 மில்லிமீற்றர் ஓடட்டும். குறுக்குச் சட்டங்கள் அவற்றுக்கு இடையில் வந்து கழுந்தால் நுழையட்டும். அப்போது கண்ணாடியின் பாரம் பசையை இழுக்காது; கழுந்தின் மேல் உட்காரும். பசை நாளைக்குக் காய்ந்து உதிர்ந்தாலும் கழுந்து துளைக்குள் இருக்கும்வரை கீழ்ச் சட்டம் விழாது.

32 மில்லிமீற்றர் தடிப்பை மூன்றாகப் பிரிப்போம். பின்னால் 12 படிக்கு. நடுவே 10 கழுந்துக்கு. முன்னால் 10 முகத்துக்கு. இப்படிப் பிரித்தால் படி வெட்டும்போது துளை அடிபடாது. கழுந்தின் நீளம் 50; நிமிர்ந்த சட்டத்தின் 75 இல் 25 மிஞ்சும். ஆகவே குறுக்குச் சட்டத்தின் மொத்த நீளம் 899 உடன் இரு பக்கமும் 50 சேர்த்து 999. கழுந்தின் அகலத்தில் வெளிப்பக்கமாக 20 குறைத்து 55 ஆக்க வேண்டும். இல்லாவிட்டால் துளை சட்டத்தின் நுனிவரை திறந்துபோய்ப் பிடிமானம் இல்லாமல் போகும்.

கழுந்தின் முன்னும் பின்னும் துண்டு முட்டி நிற்கும் விளிம்புகளைத் தோள் என்று வைத்துக்கொள்வோம். முன் தோளுக்கு முன் தோள் 899. பின் தோளுக்குப் பின் தோள் 919. பின்பக்கத்தில் நிமிர்ந்த சட்டத்தில் 10 மில்லிமீற்றர் படி வெட்டி எடுத்துவிட்டோம் அல்லவா, அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் பின் தோள் அவ்வளவு தள்ளி நிற்கிறது. புதிதாகச் செய்பவர்கள் தடுமாறும் இடம் இது. தாளில் ஒருமுறை முழு அளவில் கீறிப் பார்த்தால் விளங்கிவிடும்.

துளை அடிக்கும்போது நிமிர்ந்த சட்டத்தின் இரு நுனியிலும் ஓர் அங்குலம் மேலதிகமாக விட்டு வைத்து, பொருத்திய பிறகு அறுத்துவிடலாம். அந்த மிச்சம் உளியின் அடிக்கு நுனி பிளந்துபோகாமல் காக்கும். பசை பூசாமல் முதலில் நாலு மூலையையும் கோத்துப் பார்க்க வேண்டும். கழுந்து கையால் தள்ளி, கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டினால் போக வேண்டும். சுத்தியலால் ஓங்கி அடித்தால்தான் போகும் என்றால் துளை வெடிக்கும். தானாகவே விழுந்தால் பிடிக்காது.

பசை பூசிக் கோத்ததும் இறுக்க வேண்டும். நீளக் கிளாம்ப் இல்லாத வீட்டில் பழைய வழி இருக்கிறது. இரண்டு சுற்றுக் கயிற்றைச் சட்டத்தைச் சுற்றிப் போட்டு, நடுவில் ஒரு தடியை விட்டு முறுக்கினால் போதும். மூலைகளில் கடதாசி மட்டையை வைத்தால் கயிறு மரத்தை வெட்டாது. உடனே இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். நமது அளவுக்கு அது 1963 மில்லிமீற்றரை ஒட்டி வர வேண்டும். அதைவிட முக்கியம் இரண்டும் சமமாக வருவது. ஒன்று நீளமென்றால் அந்த மூலைவிட்டத்தின் திசையில் மெல்ல நெருக்கிச் சரிசெய்யலாம். பசை காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

காய்ந்த பிறகு ஒவ்வொரு மூலையிலும், கழுந்தை ஊடறுத்து 8 மில்லிமீற்றர் துளையிட்டு, வைரமான மரத்தில் சீவிய ஆணியை அடிக்க வேண்டும். இரும்பாணி கடற்காற்றில் துருப்பிடித்து மரத்தையும் அரிக்கும். மர ஆணிக்கு அந்தக் கவலையில்லை.

உளி பழகாதவருக்கு ஒரு வழி

கழுந்தும் துளையும் கைப்பழக்கம் கேட்கும் வேலை. அது இல்லாதவர் இரண்டு அடுக்காகச் செய்யலாம். மெல்லிய பலகையில் முன்னடுக்கு ஒன்று, பின்னடுக்கு ஒன்று; ஒவ்வொன்றும் 16 மில்லிமீற்றர் தடிப்பு. முன்னடுக்கு 75 அகலம். இதில் நிமிர்ந்த துண்டுகள் முழுநீளம் 1659, குறுக்குத் துண்டுகள் இடையில் 899. பின்னடுக்கு 65 அகலம். இதில் மாறாகக் குறுக்குத் துண்டுகள் முழுநீளம் 1049, நிமிர்ந்த துண்டுகள் இடையில் 1529. இரண்டையும் வெளிவிளிம்பு சரியாக வரும்படி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால், பின்னடுக்கு 10 மில்லிமீற்றர் குறைவாக இருப்பதால் படி தானாகவே வந்துவிடும். மூலைகளில் ஒரு துண்டு மற்றதன் மேல் குறுக்காகப் படிந்து பிடிக்கும். பின்னாலிருந்து மூலைக்கு நாலு திருகாணி போட வேண்டும். ஆணியின் நீளம் 25 மில்லிமீற்றரைத் தாண்டினால் முன்முகத்தைத் துளைத்துவிடும். கண்ணாடி குந்தும் கீழ்த்துண்டு பின்னடுக்கில் முழுநீளமாக ஓடுவதைக் கவனியுங்கள். இங்கேயும் பாரம் போகும் பாதை அறுபடவில்லை.

கண்ணாடியை இருத்துதல்

பழைய கண்ணாடியில் கறுப்புப் படர்ந்தால் ‘ரசம் போய்விட்டது’ என்கிறோம். ரசம் என்பது பாதரசம். ஒரு காலத்தில் வெள்ளீயத்தையும் பாதரசத்தையும் சேர்த்துத்தான் கண்ணாடியின் பின்பக்கம் பூசினார்கள். 1835 இல் ஜேர்மனிய இரசாயனவியலாளர் யுஸ்ரஸ் வொன் லீபிக் கண்ணாடியில் வெள்ளியைப் படிய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். காலப்போக்கில் பாதரசம் கைவிடப்பட்டது. இன்றைய கண்ணாடியின் பின்னால் இருப்பது மிக மெல்லிய வெள்ளிப் படலமும் அதைக் காக்கும் வர்ணப் பூச்சும்தான். பாதரசம் போனாலும் தமிழில் ரசம் இருந்துகொண்டிருக்கிறது. மூத்தாப்பா காலத்துக் கண்ணாடி எதற்காவது புதுச் சட்டம் போடுவதென்றால் அதன் பின்பக்கத்தைச் சுரண்டாமல் விடுவது நல்லது. அதில் உண்மையாகவே பாதரசம் இருக்கலாம்.

வெள்ளிப் படலத்துக்குப் பகை ஈரமும் உப்பும் புளிப்பும். அதனால் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கண்ணாடி மரத்தில் நேரே குந்தக் கூடாது. கீழ்ப்படியில் 3 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டு றப்பர் துண்டுகளை, கண்ணாடியின் இரு முனைகளிலிருந்தும் 9 அங்குலம் உள்ளே, அதாவது அகலத்தின் கால்வாசியில், வைக்க வேண்டும். பாரம் அந்த இரண்டு இடத்தில் இறங்கும். படியில் ஈரம் கசிந்தாலும் கண்ணாடியின் விளிம்பு அதில் ஊறாது. இரண்டாவது, ஒட்டுவதற்குச் சிலிக்கோன் பாவிப்பதென்றால் வினாகிரி மணம் வரும் சாதாரண வகை கூடாது. அந்தப் புளிப்பு பின்பூச்சைத் தின்றுவிடும். கண்ணாடிக்கென்றே விற்கும் நடுநிலை வகையைக் கேட்டு வாங்க வேண்டும். மூன்றாவது, பிளைவூட்டைத் திருகாணியால் பூட்டுங்கள், ஒட்ட வேண்டாம். பிறகொரு நாள் கண்ணாடியைக் கழற்ற வேண்டி வரலாம்.

படியின் உட்பக்கத்துக்குக் கறுப்பு வர்ணம் பூசுவதை மறக்க வேண்டாம். பூசாவிட்டால் விளிம்பில் பச்சை மரம் கண்ணாடிக்குள் பிரதிபலித்துத் தெரியும். சட்டத்தின் பின்பக்கம் உட்பட எல்லாப் பக்கத்துக்கும் வாணிஷ் வேண்டும். முன்பக்கம் மட்டும் பூசினால் பின்பக்கத்தால் ஈரம் ஏறிச் சட்டம் வளையும்.

கண்ணாடிக் கடையில் பின்பக்கத்துக்கு ஒட்டும் பாதுகாப்புப் படலம் கிடைத்தால் அதையும் ஒட்டிக் கேளுங்கள். கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் சிதறாமல் அது பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்தச் செலவைப் பார்க்கக் கூடாது.

சுவரில் ஏற்றுதல்

நல்ல சட்டத்தையும் கெடுப்பது மாட்டும் முறை. இரு பக்க வளையங்களில் கம்பியைக் கட்டி நடுவில் ஓர் ஆணியில் மாட்டினால், இரண்டு பக்கக் கம்பியும் பாரத்தில் பாதிப் பாதி தாங்கும் என்றுதான் நினைப்போம். கம்பி செங்குத்தாக இருந்தால் மட்டும்தான் அப்படி. படுக்கைக்கோட்டிலிருந்து 30 பாகைச் சாய்வில் கம்பி நின்றால், ஒவ்வொரு பக்கத்திலும் 32 கிலோ முழுவதும் இழுக்கும். 15 பாகையாகக் குறைந்தால் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 62 கிலோ. கம்பி எவ்வளவு இறுக்கமாக, நேராகத் தெரிகிறதோ அவ்வளவுக்கு ஆபத்து கூடுகிறது. அதோடு அது இரண்டு நிமிர்ந்த சட்டங்களையும் உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும்.

பாரமான கண்ணாடிக்குக் கம்பி வேண்டாம். 20 மில்லிமீற்றர் தடிப்பான ஒரு பலகையை நீளவாக்கில் 45 பாகைச் சரிவில் இரண்டாகக் கிழியுங்கள். ஒரு பாதியைச் சரிவு மேலே, உள்நோக்கிப் பார்க்கும்படி சுவரில் பூட்டுங்கள். மற்றப் பாதியைச் சரிவு கீழே வரும்படி சட்டத்தின் பின்பக்கம், மேல்பகுதியில், இரண்டு நிமிர்ந்த சட்டங்களிலும் திருகாணி பிடிக்கும்படி பூட்டுங்கள். சட்டத்தைத் தூக்கி வைத்தால் ஒன்று மற்றதன் சரிவில் உட்கார்ந்து, பாரம் கூடக்கூடச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கீழே அதே தடிப்பில் இரண்டு சிறு துண்டுகளை ஒட்டினால் சட்டம் நேராக நிற்கும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையில் காற்றும் ஓடும்.

சுவரில் போகும் திருகாணி பூச்சோடு நின்றால் பிரயோசனமில்லை. பூச்சு பாரம் தாங்காது. 3 அங்குலத் திருகாணி என்றால் பலகையில் 20, பூச்சில் 15 போக, கல்லுக்குள் 40 மில்லிமீற்றர் போகும். துளையிடும்போது வரும் தூளைப் பாருங்கள். பூச்சின் சாம்பல் நிறம் மாறிச் செங்கல்லின் சிவப்பு வந்தால் கல்லைத் தொட்டுவிட்டீர்கள். சீமெந்துக் கல் என்றால் நிறம் மாறாது. கையில் இறுக்கம் மாறுவதுதான் அடையாளம். கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள சாந்தில் பிளக்கை ஏற்றாதீர்கள். நாலு திருகாணிக்குக் குறையவும் வேண்டாம்.

நிலத்தில் நிறுத்திச் சுவரில் சாய்த்து வைக்கும் கண்ணாடிக்கு மாட்டும் வேலை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தரையில் மாபிளோ டைல்ஸோ இருந்தால் அடி வழுக்கும். சின்னப் பிள்ளை சட்டத்தைப் பிடித்து எழும்பி நிற்கப் பார்க்கும். அப்படி வைப்பதென்றால் அடியில் றப்பரும், மேலே இரு பக்கமும் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டியும் கட்டாயம்.

தூக்கி வைக்கும் நாளில் இரண்டு பெரியவர்கள் வேண்டும். கையுறையும் சப்பாத்தும் போட்டு, கண்ணாடியை எப்போதும் நிமிர்த்தியே பிடித்துக் கொண்டுபோக வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் தன் பாரத்தாலேயே நடுவில் வளைந்து வெடித்துவிடும்.

வீட்டில் ஏற்கெனவே இருப்பதற்கு

புதிதாகச் செய்யாதவர்களும் இதைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்யலாம். வீட்டிலுள்ள பெரிய கண்ணாடியின் கீழ் மூலைகள் இரண்டையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூலையில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தால் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கீழ்ச் சட்டத்தின் நடுப்பகுதி தொய்ந்திருந்தாலும், பின்னால் கம்பி துருப்பிடித்திருந்தாலும் அப்படியே. மூலையின் பின்பக்கத்தில் குறுக்குத் துண்டோ இரும்புத் தகடோ பூட்டி, மாட்டும் முறையை மாற்றினால் பழைய சட்டத்தையே காப்பாற்றலாம். அரை நாள் வேலைதான்.

நமது ஊர்களில் கழுந்தும் துளையும் அடிக்கத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. ஒட்டுப்பலகைத் தளபாடம் கடையில் வந்து இறங்குகிறது. உளியைத் தீட்டிக்கொண்டு உட்கார யாருக்கும் நேரமில்லை. அந்த வேலையோடு அதன் சொற்களும் போகின்றன. ஒவ்வோர் ஊரிலும் ஓடாவிமார் இந்த மூட்டுகளுக்கும் கருவிகளுக்கும் வழங்கும் பெயர்களை, தொழிற்கல்வியும் தமிழும் படிப்பிக்கும் ஆசிரியர்கள் சேர்ந்து பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்தால் அது நல்லதொரு பாடசாலைச் செயற்றிட்டமாகும். பெயர் தெரிந்தால்தான் ஓடாவியிடம் போய் ‘மூலைக்குக் கழுந்து போட்டுத் தாங்க’ என்று கேட்க முடியும். கேட்கத் தெரியாத வீட்டுக்குப் பசை பூசிய மூலைதான் வந்து சேரும்.